பண்டிகைப் பலகாரமும் சிறுநீரக நோயாளரும்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சிறுநீரகவியல் துறையின் புறநோயாளர் பிரிவில் எழும் வினாக்களின் தன்மை மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் கிரியேட்டினின் எவ்வளவு, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்பவர்கள், இம்மாதத்தில் அச்சு முறுக்கு சாப்பிடலாமா, முந்திரிக்கொத்து ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாமா, பிளம் கேக் ஒரு துண்டு கூடாதா என்று கேட்கின்றனர். இதை நோயாளர் தாமே கேட்பது குறைவு. கூட வந்த மகளோ மருமகளோ, நோயாளர் மாத்திரைச் சீட்டை வாங்கச் சென்ற நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்பதே வழக்கம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பொங்கல், அதன் பின் திருமணச் சீர் என்று தை மாதம் வரை இவ்வினா ஓய்வதில்லை.

'கூடாது' என்று ஒரே சொல்லில் விடையளிப்பது மருத்துவருக்கு எளிது. அவ்வாறு சொல்ல நாங்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. குமரி மாவட்டத்து வீடுகளில் பலகாரம் என்பது தின்பண்டம் மட்டுமன்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டில் சுட்ட பலகாரம் தட்டில் அடுக்கப்பட்டுப் பக்கத்து வீட்டுக்குச் செல்கிறது. தீபாவளிக்கு அந்த வீட்டுப் பலகாரம் இந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பவர் எவரும் இல்லை. இந்தப் போக்குவரத்திலிருந்து ஒருவரை விலக்கிவிட்டால், உணவிலிருந்து மட்டும் அவரை விலக்கியதாகாது.

டயாலிசிஸ் தொடங்கிய ஓர் அம்மையார் எங்கள் நினைவில் இருக்கிறார். ஆண்டுதோறும் உறவினர் வீடுகளுக்கெல்லாம் தம் கையால் பலகாரம் செய்து அனுப்பியவர். அவர் ஆசைப்பட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், குடும்பத்தார் அவ்வாண்டு வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் ஏற்றவில்லை. அடுத்த இரு மாதங்களில் அவருடைய உடல் எடை குறைந்தது. இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதமும் குறைந்தது. காரணம் தேடியபோது, அவர் சோற்றையே பாதியாகக் குறைத்துவிட்டார் என்பது தெரிந்தது. 'எனக்காக யாரும் எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பிறகு எனக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை' என்றார். டயாலிசிஸ் நோயாளர்களுக்கு அளவுக்கு மீறி உண்பதைப் போலவே, போதிய அளவு உண்ணாமல் மெலிவதும் ஆபத்தானது. இதைக் குடும்பத்தார் பலர் அறிந்திருப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது 'பலகாரம் உண்டா, இல்லையா' என்பதன்று. 'எந்தப் பலகாரம், எதனால் செய்தது, எத்தனை' என்பதே. அதற்கு விடை காணச் சிறுநீரகம் செய்யும் பணியைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

பொட்டாசியம் என்னும் உப்பு

நாம் உண்ணும் பெரும்பாலான தாவர உணவுகளில் பொட்டாசியம் உள்ளது. உடலுக்கு அது இன்றியமையாதது; தசைகள் சுருங்குவதற்கும் இதயம் சீராகத் துடிப்பதற்கும் அது வேண்டும். உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. அவை செயலிழக்கும்போது அது இரத்தத்தில் தேங்குகிறது. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. 6.5 என்ற அளவை எட்டினால் நாங்கள் அதை அவசரநிலையாகவே கருதுகிறோம். கால்கள் வலுவிழந்து துவளலாம்; இதயத் துடிப்பு தாளம் தவறலாம்; எந்த முன்னறிவிப்பும் இன்றி இதயம் நின்றும் போகலாம். இந்த முன்னறிவிப்பின்மைதான் எங்களை அஞ்ச வைக்கிறது. சர்க்கரை கூடினால் தாகம் எடுக்கும், நீர் கூடினால் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். பொட்டாசியம் கூடும்போது நோயாளர் சிரித்துப் பேசிக்கொண்டே அமர்ந்திருக்கக் கூடும்.

வாரத்தில் மூன்று நாள்கள் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஓர் இடைவெளி மட்டும் மற்றவற்றைவிட ஒரு நாள் நீளமாக அமையும். பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். வாரத்தில் இரு முறை மட்டும் செய்பவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம். பண்டிகை விருந்து அந்த நீண்ட இடைவெளியில் வந்து விழுமானால் கூடுதல் கவனம் தேவை. பண்டிகைக்காக டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதனை வன்மையாக மறுக்கிறோம். தள்ளிப்போட நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிந்தாமல் முந்திச் செய்துகொள்ள இடம் பார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு.

'உடம்புக்கு நல்லது' என்பதில் உள்ள சிக்கல்

இனி நாங்கள் சொல்லப்போவது பலருக்கு வியப்பாக இருக்கும். அண்மைக் காலமாக நலம் நாடும் வீடுகளில் மைதாவுக்கு மாற்றாகக் கோதுமை அல்லது கேழ்வரகு, வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம் அல்லது கருப்பட்டி, அவற்றோடு பேரீச்சம்பழம், பாதாம், முந்திரிப்பருப்பு சேர்த்துப் பிஸ்கட் செய்யும் பழக்கம் பரவியுள்ளது. ஆரோக்கியமான குழந்தைக்கும் பெரியவருக்கும் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடியுள்ள சிறுநீரக நோயாளருக்கு இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் எதிர்த்திசையில் செல்கின்றன.

தானியத்தின் தவிட்டிலும் முளையிலும்தான் பொட்டாசியமும் பாஸ்பரஸும் செறிந்துள்ளன. அவற்றை நீக்கிய மைதாவில் இவ்விரண்டும் கோதுமை மாவில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் இல்லை என்றே கூறலாம். வெல்லமும் கருப்பட்டியும் சாற்றைக் காய்ச்சி அப்படியே உறைய வைத்தவை. சாற்றில் இருந்த தாதுக்கள் யாவும் அவற்றில் தங்கிவிடுகின்றன. வெல்லத்தின் பெருமையாக நாம் எதைச் சொல்கிறோமோ அதுவே இங்குத் தடையாகிறது. பாதாம், முந்திரிப்பருப்பு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 600 முதல் 700 மில்லிகிராம் வரை பொட்டாசியம் உண்டு. பேரீச்சம்பழமும் உலர் திராட்சையும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. உலர் பழங்கள் நிறைந்த பிளம் கேக்கைப் பற்றி நாங்கள் ஏன் கடுமை காட்டுகிறோம் என்பது இதனால் விளங்கும்.

முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்வோம். நாஞ்சில் நாட்டுக்குப் புறத்தே இதன் பெயரைக் கேட்பவர்கள் முந்திரிப்பருப்பால் செய்தது என்றே எண்ணுவர். அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. மூன்று சிறு உருண்டைகளை ஒன்றாக மாவில் தோய்த்துப் பொரிப்பதால் திராட்சைக் கொத்துப் போன்ற தோற்றம் வருகிறது. கொடிமுந்திரி என்பது திராட்சைக்குரிய பழைய பெயர். உள்ளே இருப்பவை வறுத்துப் பொடித்த சிறுபயறு, வெல்லம் அல்லது கருப்பட்டி, தேங்காய், எள். சிறுபயற்றில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உள்ளது. பருப்பையும் காயையும் நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்தால் அதில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். வறுத்துப் பொடிக்கும்போது அவ்வாறு எதுவும் வெளியேற வழியில்லை. இத்தனை சத்து மிக்க பலகாரம் வேறு உண்டா என்று நாங்களே வியப்பதுண்டு. பொட்டாசியம் கூடியுள்ள நோயாளருக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்க இயலவில்லை.

அச்சு முறுக்கின் கணக்கு வேறு. பச்சரிசி மாவு, சர்க்கரை, முட்டை, தேங்காய்ப்பால், சிறிது எள். இவற்றில் தேங்காய்ப்பாலும் எள்ளும் மட்டுமே கவனிக்க வேண்டியவை. தேங்காய்ப்பாலை மூன்றாம் பாலாக நீர்க்க எடுத்து, எள்ளைக் குறைத்துச் செய்தால், ஓரிரு அச்சு முறுக்குக்குப் பெரும்பாலோர்க்குத் தடை சொல்வதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இயல்பாக இருக்கும் வரை, இக்கட்டுப்பாடுகள் தேவையில்லை. அவர்களுக்கு முழுத் தானியமும் பயறும் நன்மையே செய்யும். உப்பைக் குறைப்பதும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதுமே அவர்களுக்கு முதன்மையானவை. டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்ன அறிவுரையைக் கேட்டு வந்து, தொடக்க நிலை நோயுள்ள தம்பியின் தட்டிலிருந்து பயற்றையும் பழத்தையும் எடுத்துவிடும் அக்காமார் இருக்கின்றனர். உங்கள் கோப்பில் உள்ள கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுதான் உங்களுக்கான அறிவுரையைத் தீர்மானிக்கும்.

வீட்டில் செய்யும் நெய் பிஸ்கட்

'அப்படியானால் எதைத்தான் செய்வது' என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது நெய் பிஸ்கட். வடக்கே நான்கட்டாய் என்று வழங்கும் அதே பண்டம். நம் ஊர் ரொட்டிக்கடைகளில் கண்ணாடிச் சாடியில் இருக்கும். மாவு, சர்க்கரை, நெய் ஆகிய மூன்றே பொருள்கள். வேறொன்றும் தேவையில்லை என்பதே அதன் சிறப்பு.

மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், நெய் 120 கிராம், ஏலக்காய் நான்கைந்து. நெய் உருகி ஓடும் நிலையில் இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் உறைந்திருப்பது போன்ற மணல் மணலான பதத்தில் இருக்க வேண்டும். நெய்யையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து நுரைத்து வரும் வரை பத்து நிமிடம் கையாலேயே குழைக்க வேண்டும். கடைக்காரர் சோடா மாவால் பெறும் பொரபொரப்பை நாம் இந்தக் குழைப்பினாலேயே பெறுகிறோம். இதில் அவசரம் காட்டினால் பிஸ்கட் கல் போல அமையும். பிறகு சலித்த மாவையும் ஏலப்பொடியையும் சேர்த்து, பிசையாமல், விரல்களால் ஒன்றுகூட்டினால் போதும். உதிர்ந்தால் அரைத் தேக்கரண்டி நெய் கூட்டலாம். தண்ணீர் விடக் கூடாது. இருபத்தைந்து உருண்டைகளாக்கி மெல்லத் தட்டி, 160 பாகை வெப்பத்தில் பதினெட்டு முதல் இருபது நிமிடம் சுட வேண்டும்.

அடுமனைப் பெட்டி இல்லாத வீடுகளில் கனமான குக்கரே போதும். அடியில் உலர்ந்த மணல் அல்லது கல்லுப்பை இரு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கிய பின் தட்டை உள்ளே வைக்கலாம். சிறு தீயில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்; அடிப்பக்கம் இளம்பொன்னிறம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மென்மையாக இருப்பதைக் கண்டு வேகவில்லை என்று எண்ணி மறுபடி உள்ளே வைப்பவர்கள் பலர். ஆறிய பின்னரே அது இறுகும்.

இவ்வளவில் செய்த ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 85 கலோரி ஆற்றலும், 10 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும், 5 கிராம் நெய்யும் இருக்கும். பொட்டாசியம் 10 மில்லிகிராம் அளவே. உப்பும் சோடாவும் சேர்க்காததால் சோடியம் இல்லை எனலாம். நீரிழிவு இல்லாத, உடல் மெலிந்த டயாலிசிஸ் நோயாளருக்கு மாலையில் இவற்றில் இரண்டு நல்ல ஆற்றல் உணவு. அதை மருந்துச் சீட்டில் எழுதவும் நாங்கள் தயங்கமாட்டோம். ஆனால் இதில் புரதம் மிகக் குறைவு. முட்டை வெள்ளைக் கருவுக்கோ மீனுக்கோ இது ஈடாகாது. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு நெய்யின் அளவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நாள்தோறும் அன்றி, பண்டிகைக்கு என்று வைத்துக்கொள்வதே அவர்களுக்குப் பொருந்தும். நெய்க்கு மாற்றாக வனஸ்பதி சேர்ப்பதை எவருக்கும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சோடா, பேக்கிங் பவுடர், 'லைட்' உப்பு

உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு மட்டுமே என்று எண்ணுபவர்களுக்காக இப்பகுதி. சமையல் சோடாவும் சோடியமே. ஒரு தேக்கரண்டிச் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வரையறுத்துள்ள 2,000 மில்லிகிராமில் பாதிக்கும் மேல் இது. உப்பே இல்லாத பிஸ்கட் என்று நாம் நினைத்து உண்ணும் இனிப்புப் பிஸ்கட்டிலும் இவ்வழியாகச் சோடியம் புகுந்துவிடும். சோடியம் தாகத்தைத் தூண்டும். குடித்த நீர் வெளியேற வழியில்லாமல் உடலில் தங்கும். ஏறத்தாழ 8 கிராம் சாப்பாட்டு உப்பு ஒரு லிட்டர் நீரை உடலில் பிடித்து வைக்கிறது. டயாலிசிஸுக்கு வரும்போது எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது என்றால், 'தண்ணீர் குடிக்காதீர்கள்' என்று அதட்டுவதைவிட, முந்தைய நாள் முறுக்கில் எவ்வளவு உப்பு இருந்தது என்று கேட்பது பயன் தரும். நெஃப்ராட்டிக் நோய் உள்ள குழந்தைகளுக்கு வீக்கம் இருக்கும் காலத்தில் உப்பு முறுக்கையும் காரச்சேவையும் தவிர்த்துவிட்டு, மேற்கண்ட பிஸ்கட்டில் ஒன்றைக் கையில் கொடுக்கலாம்.

பேக்கிங் பவுடர் சோடாவிலிருந்து வேறானது. அதில் சோடாவுடன் பாஸ்பேட் உப்புகளும் சேர்க்கப்படுவது உண்டு. பயறு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் குடலில் உறிஞ்சப்படும்; பொடிகளாகச் சேர்க்கப்படும் பாஸ்பேட் பெரும்பாலும் முழுவதுமே உறிஞ்சப்படுகிறது. தேங்கும் பாஸ்பரஸ் தோலில் அரிப்பையும் எலும்புத் தேய்வையும் இரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவையும் உண்டாக்கும். கடைப் பிஸ்கட் உறையின் பின்புறம் 341, 450 என்ற எண்கள் காணப்பட்டால் அவை பாஸ்பேட் சேர்மங்களைக் குறிப்பன. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்கிறோம். மாலையில் பால், கேக், பலகாரம் என்று உண்ணும்போதும் அது தேவைப்படலாம். அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கவலையுறச் செய்வது 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் பொடி. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலக்கப்படுகிறது. இரத்த அழுத்தம் மட்டும் உள்ள, சிறுநீரகம் நலமாக உள்ள ஒருவருக்கு அது நன்மை பயக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது ஆபத்து. நோயாளரின் நலனில் அக்கறை கொண்ட மகன் விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கி வரும் பொருள் என்பதால், வீட்டில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. உங்கள் சமையலறையில் அத்தகைய உப்பு இருந்தால் அதை நோயாளருக்கான சமையலில் இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீரிழிவும் சேர்ந்திருந்தால்

எங்கள் நோயாளர்களில் பலர் நீரிழிவின் வழியே எங்களிடம் வந்தவர்கள். மைதாவும் சர்க்கரையும் சிறுநீரகத்துக்கு எளியவை என்று மேலே கூறியது அவர்களுக்குத் தடையற்ற அனுமதி ஆகாது. வெல்லமும் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் அதிலும் அவர்களுக்குப் புகலிடம் இல்லை. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மைதா அவ்வாறே இருக்கிறது. ஆகவே எண்ணிக்கையே ஒரே வழி. சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர், மதிய உணவில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு அதன் முடிவில் ஒரு பிஸ்கட் உண்ணலாம். வெறும் வயிற்றிலும் உறங்கப் போகும் முன்னரும் வேண்டாம். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்பவர்கள் உட்செலுத்தும் திரவத்திலேயே குளுக்கோஸ் இருப்பதால், அவர்கள் இன்னும் சிக்கனமாக இருக்க வேண்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களும் தமக்கு இனிக் கட்டுப்பாடு இல்லை என எண்ணலாகாது. மாற்று உறுப்பைக் காக்கும் மருந்துகளில் சில சர்க்கரையையும், சில பொட்டாசியத்தையும் உயர்த்துபவை.

சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதைப் பற்றியும் ஒரு சொல். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் விளைவும் நெடுநேரம் தங்கக் கூடும். ஆகவே சர்க்கரை தாழ்வது அவர்களுக்கு எளிதில் நேரும். அப்போது வீட்டில் கைக்குக் கிடைக்கும் பிஸ்கட்டையோ அதிரசத்தையோ வாயில் திணிப்பது வழக்கமாக உள்ளது. அவற்றில் உள்ள நெய்யும் எண்ணெயும் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். அந்தச் சில நிமிடங்கள்தாம் விலைமதிப்பற்றவை. ஆரஞ்சுப் பழச்சாறும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்தவை. நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை, அதாவது சுமார் 15 கிராமை, சிறிது நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சர்க்கரையைச் சோதியுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகளை உண்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே பயன் தராது, குளுக்கோஸே வேண்டும். அம்மாத்திரைகள் சர்க்கரையைக் குடலில் உடைய விடாமல் தடுப்பவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். நினைவு திரும்பி, சர்க்கரை உயர்ந்த பின்னர் அந்தப் பிஸ்கட்டைத் தரலாம். சர்க்கரை மீண்டும் தாழாமல் இருக்க அப்போது அது உதவும்.

நோயாளரே செய்ய விரும்பினால்

செய்யட்டும். மேலே குறிப்பிட்ட அம்மையாருக்கும் அதைத்தான் கூறினோம். சில கவனங்கள் மட்டும் தேவை. கையில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா அமைத்திருப்பவர்கள் அந்தக் கையில் இறுக்கமான வளையலோ கடிகாரமோ அணியலாகாது. கனமான உருளியையோ மாவுப் பாத்திரத்தையோ அந்தக் கையால் தூக்கலாகாது. ஆனால் மாவை விரல்களால் அழுத்திக் குழைப்பதில் தவறில்லை. ஃபிஸ்டுலாவின் இரத்தக்குழாய் பருக்க வேண்டும் என்பதற்காக ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே பயிற்சிதான் இது. அறுவை செய்த புண் ஆறி, அறுவை மருத்துவர் இசைவு தந்த பின் தொடங்கலாம். நீரிழிவினால் விரல்களில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு உறைக்காது. அவர்கள் மாவைப் பிசைந்து உருட்டட்டும். சூடான தட்டை எடுக்கும் பொறுப்பு வேறொருவருடையதாகட்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் முட்டை கலந்த பச்சை மாவைச் சுவை பார்க்கக் கூடாது.

எண்ணெயில் பொரிக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். முறுக்குச் சுட்ட எண்ணெயை வடித்து வைத்து, அடுத்த நாள் அதிரசத்துக்கும், அதன் மறுநாள் அப்பளத்துக்கும் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் சேர்மங்கள் இரத்தக்குழாய்க்குக் கேடு விளைவிப்பன. வணிகச் சமையலில் இவற்றுக்கு 25 விழுக்காடு என்ற உச்சவரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதித்துள்ளது. வீட்டுச் சட்டியைச் சோதிக்க அதிகாரி எவரும் வருவதில்லை. எண்ணெயைக் குறைவாக ஊற்றிச் சிறு சட்டியில் பொரித்தால் மீதம் குறையும்.

மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது

உள்நோயாளரைக் காண வருபவர்கள் பலகாரத்துடன் வருவதை நாங்கள் தடுப்பதில்லை. நேரே நோயாளரின் கையில் தராமல், பணியில் உள்ள செவிலியரிடமோ உணவியலாளரிடமோ காட்டிவிட்டுத் தாருங்கள். ஒரே அறையில் நால்வர் இருப்பர். ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஏற்காது. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு உதிரும் பிஸ்கட்டே மூச்சுக்குழலில் சென்று அடைக்கலாம். நட்சத்திரப் பழத்தை மட்டும் எங்கள் பிரிவுக்குள் எவரும் கொண்டுவர வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது தீராத விக்கலையும் வலிப்பையும் உண்டாக்கும் நஞ்சு. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது வயிறு நிறைய உண்டால் இரத்த அழுத்தம் சரியக் கூடும் என்பதால், எடுத்துவந்த பலகாரத்தை இயந்திரத்திலிருந்து விடுபட்ட பின் பகிர்ந்துகொள்வது நலம்.

நெய் பிஸ்கட்டை முழுவதும் ஆறவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் இட்டு மூடினால் இரு வாரம் கெடாமல் இருக்கும். டப்பாவின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டி, செய்த நாளையும் அதில் சேர்த்த பொருள்களையும் எழுதுங்கள். முந்திரி, பாதாம், எள், முட்டை இருந்தால் அவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உதவும். சர்க்கரையா வெல்லமா, சோடா உண்டா இல்லையா என்பதும் எழுதப்பட்டிருந்தால், டப்பாவைத் திறக்கும் முன்பே எங்கள் செவிலியர் உங்களுக்கு விடை சொல்லிவிடுவார்.